நட்சத்திரம் இல்லாத ஏழாம் படம்

அத்தியாயம் 11

ஃபானி அந்தப் புகைப்படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணாடியைக் கழற்றினாள். இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சாப்பிடறதா இருந்தா சொல்லுங்கக்கா," என்றான் யெரெப், கையிலிருந்த தொத்திறைச்சியைக் காட்டி. "கடுகு விழுது மிச்சம் இருக்கு. தடவித் தர்றேன்."

"நீ தள்ளி நின்னு தின்னு. என் பேப்பர் மேல ஒரு சொட்டு எண்ணெய் விழுந்துச்சு, உன் தோலை உரிச்சுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுடுவேன்."

யெரெப் இரண்டடி பின்வாங்கினான். வயது ஐம்பத்திரண்டு. எடையைக் கேட்டால் பேச்சை மாற்றுவான். ஒரு காலத்தில் டாக்சி ஓட்டியவன். போலீஸ் வேலையை உதறிவிட்டு மிலேனா ஹோய்னிக் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்த அன்று, அவளை ஏற்றிவந்து வாசலில் இறக்கியவன் அவன்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். ஆறு வருஷமாகிறது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

லியுப்லியானா நகரத்தின் ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடியிருந்தது. கூடியிருந்தது என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. நவம்பர் மூடுபனியில் மூன்றாவது மேசைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எதிர்க்கரையிலிருந்து தேவாலய மணி கேட்டது. தேவாலயத்தைக் காணோம்.

ஃபானியின் மேசையில் பழைய காகிதம் தவிர வேறெதுவும் இருக்காது. கடிதங்கள், வரைபடங்கள், செய்தித்தாள்கள். நகரத்தில் காகிதத்தைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

"என்ன சொல்றே, ஃபானி?" என்றாள் மிலேனா.

புகைப்படத்தில் ஒரு புத்தகத்தின் வெற்றுப் பக்கம். அதன் நடுவே பழுப்பாக ஒரு நிழல். செவ்வகம்தான், ஆனால் ஒரு பக்கம் படிக்கட்டுபோல உள்வாங்கியிருந்தது. கீழ் விளிம்பில் எலி கடித்ததுபோல ஒரு சின்னப் பள்ளம்.

"நியூஸ் பேப்பர் துண்டு," என்றாள் ஃபானி. "மட்டமான பேப்பர். அமிலம் கக்கும். நல்ல காகிதத்துக்கு நடுவுல சொருகி வெச்சா, தன் உருவத்தை அப்படியே அதுல சுட்டுட்டுப் போயிடும். பக்கத்துல ஒரு விளம்பரம் இருந்திருக்கு. அதைத் தவிர்த்து வெட்டினதால இந்தப் படி."

"எவ்வளவு நாள்ல இப்படி ஆகும்?"

"நாளா? வருஷக்கணக்குல ஆகும். இவ்வளவு கறுக்கணும்னா இருபது வருஷம், முப்பது வருஷம்னு வை."

மிலேனா புகைப்படத்தை வாங்கி உறையில் போட்டாள். இந்தப் புத்தகத்துக்காகத்தான் ஒரு வாரமாக அலைகிறார்கள்.

லெனார்ட் விட்ரிஹ் என்ற ஓவியர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், காட்டுக்குள் மறைந்திருந்த ரகசிய அச்சகத்தில் செய்த புத்தகம். பெயர், 'பன்னிரண்டு பாதைகள்'. கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் தரையிலிருந்து லினோலிய விரிப்பைப் பெயர்த்து, பேனாக்கத்தியால் செதுக்கி, பன்னிரண்டு படங்களாக அச்சிட்டார். நாற்பது பிரதிகள். எல்லாம் போரில் அழிந்துவிட்டன என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், டாக்டர் சிரில் ரெபோல் ஒன்றைக் கண்டுபிடிக்கும்வரை. பல் டாக்டர். இப்போது ஓய்வு. வாழ்நாளெல்லாம் விட்ரிஹ்ஹின் படங்களையும் புத்தகங்களையும் தேடித் தேடிச் சேர்த்தவர். விட்ரிஹ் பற்றி யார் என்ன எழுதினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள்.

அந்தப் புத்தகத்தின் முதுகுத் தையல் விட்டுப்போனது என்று ததேயா ஷின்கோவெட்ஸிடம் கொடுத்தார். பழைய புத்தகங்களைப் பழுது பார்ப்பவள். பதினாறு நாள் அவள் பட்டறையில் இருந்தது. திரும்பி வந்ததும் டாக்டர் அலறினார். 'இது என் புத்தகமே இல்லை. போலி. அவள் மாற்றிவிட்டாள்!'

பத்திரிகையில் வந்துவிட்டது. நாளை திங்கட்கிழமை போலீசில் புகார் கொடுக்கப்போகிறார். அதற்குமுன் ஆதாரங்களை வரிசைப்படுத்தித் தரச்சொல்லித்தான் மிலேனாவை அமர்த்தியிருந்தார்.

நேற்று மிலேனா பட்டறைக்குப் போனபோது ததேயா ஒரே ஒரு காகிதத்தைத்தான் காட்டினாள். புத்தகம் வந்த அன்று அவள் எழுதிவைத்த குறிப்பு. 'ஒன்பதாம் படத்துக்கும் பத்தாம் படத்துக்கும் நடுவில் பழுப்பு நிழல்.' இப்போது டாக்டர் போலி என்று சொல்லும் புத்தகத்திலும் அதே இடத்தில் அதே நிழல் இருந்தது.

"குறிப்பை அவளே நேத்து ராத்திரி உக்காந்து எழுதியிருக்கலாம்," என்று யெரெப் அப்போதே சொன்னான். மிலேனாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ததேயா எதையோ மறைக்கிறாள். கேள்வி கேட்டால் பதில் வருவதற்கு முன்னால் ஒரு நொடி தாமதம் வருகிறது.

"ஃபானி, ததேயாவைத் தெரியுமா?"

"தெரியாமலா? மாசா மாசம் வருவா. பழைய புத்தகத்துல எழுதாத தாள் இருந்தா வாங்கிட்டுப் போவா. கிழிஞ்ச பக்கத்துக்கு ஒட்டுப் போட." ஃபானி சற்றுத் தயங்கினாள். "மூணு வாரத்துக்கு முன்னாடி வந்தப்போ மட்டும் வேற மாதிரி கேட்டா."

"வேற மாதிரின்னா?"

"அறுபதுகள்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கொடுத்த ட்ராயிங் பேப்பர் இருக்கான்னு கேட்டா. ஒரு கட்டு இருந்துச்சு. மூணு தாள் எடுத்துக்கிட்டா. எதுக்குடின்னேன். சும்மான்னா."

மூன்று வாரத்துக்கு முன்னால் புத்தகம் ததேயாவின் பட்டறையில் இருந்தது.

யெரெப் தொத்திறைச்சியின் கடைசித் துண்டை விழுங்கினான். "முடிஞ்சுது பாஸ். போலி பண்ணப் பழைய பேப்பர் வாங்கியிருக்கா. இனிமே எதுக்கு இந்தக் குளிர்ல நிக்கணும்?"

"அவசரப்படாதே. போலி பண்றவ மூணே மூணு தாளா வாங்குவா? புத்தகத்துல படம் மட்டும் பன்னிரண்டு."

"பேப்பர் விக்கிற விலையில சிக்கனமா இருந்திருப்பா."

"வண்டியை எடு."

---

காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. யெரெப் கையுறையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

"பாஸ், ஒண்ணு கேக்கவா? டாக்டர் இந்த வாரம் நமக்கு எத்தனை தடவை போன் பண்ணாரு?"

"பதினொண்ணு."

"பதினொரு தடவையும் நான்தான் எடுத்தேன். என்ன கேட்டாருன்னு சொல்லட்டுமா? 'அவ ஒத்துக்கிட்டாளா?' பதினொரு தடவையும் அதே கேள்வி."

"அதுல என்ன?"

"நான் கிரான் ஊர்க்காரன். எங்க ஊர்ல ஒருத்தன் குடையைத் தொலைச்சாக்கூட மூணு நாள் தெருவையே கூட்டுவான். எங்க போச்சு, யார் எடுத்தா, மழையில நனையுதோன்னு. இந்த ஆளு உசிருக்கு உசிரா வெச்சிருந்த புத்தகம் காணாமப் போயிருக்கு. 'என் புத்தகம் கிடைச்சுதா'ன்னு ஒரு தடவைகூடக் கேக்கலையே பாஸ்!"

மிலேனா அவனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு மூட்டுவதற்கென்றே பிறந்தவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் என்னென்னவோ கவனித்துக்கொண்டிருக்கிறான்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"முன்னாடி நான் அவரைச் சந்தேகப்படலை. அவளைத்தானே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் என்னால சந்தேகப்பட முடியும்."

மிலேனா போனை எடுத்து ததேயாவை அழைத்தாள். "டாக்டர் வீட்டுக்கு இன்னும் அரை மணி நேரத்துல வாங்க. வரப் பிடிக்காதுன்னு தெரியும். வாங்க. அந்த மூணு தாள்ல மிச்சம் இருந்தா எடுத்துட்டு வாங்க."

மறுமுனையில் அந்த ஒரு நொடித் தாமதம் வந்தது. "சரி," என்றாள் ததேயா.

---

டாக்டர் ரெபோல் கதவைத் திறந்ததும் குனிந்து இரண்டு ஜோடி வீட்டுச் செருப்புகளை எடுத்து வைத்தார். குற்றம் விசாரிக்க வந்தவர்களாக இருந்தாலும் ஷூவைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. யெரெப்பின் வலது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவன் அதைச் செருப்புக்குள் அவசரமாக ஒளித்தான்.

"அவ ஒத்துக்கிட்டாளா?" என்றார் டாக்டர்.

யெரெப் மிலேனாவைப் பார்த்தான். மிலேனா அவனைப் பார்க்கவில்லை.

"இன்னும் இல்ல டாக்டர். ஒண்ணு ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும்."

எழுபது வயது. வெள்ளைத் தாடியைக் கச்சிதமாகக் கத்தரித்திருந்தார். சுவரெங்கும் விட்ரிஹ்ஹின் படங்கள். கறுப்பும் வெள்ளையுமாக மரங்கள், பாலங்கள், முகங்கள். தட்டில் வால்நட் வைத்துச் சுருட்டிய பொட்டிட்ஸா ரொட்டியை வெட்டி வைத்தார். யெரெப் இரண்டு துண்டு எடுத்தான். பிறகு நாகரிகம் கருதி மூன்றாவதையும் எடுத்தான்.

"முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லுங்க. புத்தகம் மாறிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏழாவது படம்," என்றார் டாக்டர். சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். "காட்டுக்குள்ள அச்சகக் குடிசை. மேல கறுப்பு வானம். கூரைக்கு மேல ஒத்தை நட்சத்திரம் இருக்கும். இந்த மார்ச்ல கொச்செவ்யே பக்கத்துல ஒரு வீட்டுப் பரண்ல இன்னொரு பிரதி கிடைச்சுதே, கண்காட்சியில வெச்சிருக்காங்க, அதுல போய்ப் பாருங்க. நட்சத்திரம் இருக்கும். அவ கொடுத்த புத்தகத்துல நட்சத்திரமே இல்ல. வெறும் கறுப்பு. அவசரத்துல செதுக்கினவ மறந்துட்டா."

"உங்களுடையதுல நட்சத்திரம் இருந்துச்சு?"

"பின்னே?"

"வேற பக்கங்களைப் பாத்தீங்களா?"

"எதுக்கு? அந்த ஒண்ணே போதுமே. என்னால அந்தப் போலியைத் தொடவே முடியலை. உங்ககிட்ட எடுத்துக் கொடுத்ததோட சரி."

மிலேனா தலையாட்டினாள். யெரெப் கை கழுவ எழுந்தான். நடையில் அவன் செருப்புச் சத்தம் போனது. நின்றது. அப்புறம் வெகுநேரம் கேட்கவில்லை.

"பாஸ்," என்று குரல் வந்தது. "இங்க வந்து டாக்டரோட போட்டோவைப் பாருங்களேன். எவ்வளவு அழகா இருந்திருக்காரு! தலை நிறைய முடி!"

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. அவரே முன்னால் நடந்தார்.

நடைச் சுவரில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு புதுச் சட்டம். உள்ளே பழுத்துப்போன செய்தித்தாள் துண்டு. முப்பத்தைந்து வயது ரெபோல் ஒரு மெல்லிய புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துச் சிரித்தார். 'காட்டில் தொலைந்ததைக் கண்டெடுத்த பல் மருத்துவர்.' துண்டு செவ்வகம்தான். வலதுபக்கம் படிக்கட்டுபோல உள்வாங்கியிருந்தது.

மிலேனா தன் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டாள்.

"நல்ல சட்டம். யார் பண்ணினது?"

"என் பொண்ணு. போன மாசம் எனக்கு எழுபது. மேசை மேல கிடந்ததை எடுத்துட்டுப் போய் சட்டம் போட்டுக் கொண்டுவந்தா. வேணாம்னு சொல்ல முடியலை."

"கீழ் ஓரத்துல ஏன் இப்படிக் கடிச்ச மாதிரி இருக்கு?"

டாக்டர் சிரித்தார். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் சிரித்ததை மிலேனா பார்த்தாள். "கத்தரி வழுக்கிடுச்சு. ஆயிரம் பல் பிடுங்கின கை. அன்னைக்கு சந்தோஷத்துல நடுங்கிடுச்சு."

"இத்தனை வருஷம் கசங்காம வெச்சிருக்கீங்களே! எங்க வெச்சிருந்தீங்க?"

"புத்தகத்துக்குள்ளதான். வேற எங்க வைப்பேன்? அதுக்குன்னே உள்ள ஒரு இடம். அவகிட்டக் கொடுக்கும்போது தொலைஞ்சுடப் போகுதேன்னு எடுத்து மேசையில..."

மிலேனா பையைத் திறந்து புத்தகத்தை வெளியே எடுத்தாள். டாக்டரின் வாய் தானாக மூடிக்கொண்டது, காரணம் இன்னும் புரியாமலே.

"யெரெப், சட்டத்தைக் கழற்று."

யெரெப்பின் சாவிக்கொத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்போதும் தொங்கும். நாலு திருகாணி. மிலேனா நடையிலிருந்த சின்ன மேசையில் புத்தகத்தை வைத்து, ஒன்பதாம் படத்தைத் தாண்டித் திருப்பினாள். பழுப்பு நிழல். செய்தித்தாள் துண்டை இரண்டு விரலால் எடுத்து அதன்மேல் இறக்கினாள்.

படி படியில் உட்கார்ந்தது. பள்ளம் பள்ளத்தில் உட்கார்ந்தது. நிழல் காணாமல் போனது.



"இந்தப் புத்தகத்தைத்தான் போலின்னு சொன்னீங்க," என்றாள் மிலேனா. "போன மாசம் ததேயா செஞ்சதுன்னு சொன்னீங்க. உங்க கத்தரி வழுக்கின இடம் முப்பது வருஷத்துக்கு மேல இதுக்குள்ள எரிஞ்சிருக்கு டாக்டர். போனது எதுவோ அதுதான் திரும்பி வந்திருக்கு. யாரும் எதையும் மாத்தலை."

யெரெப் சட்டென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். டாக்டர் அதில் உட்கார்ந்தார்.

"மார்ச்ல," என்றார். "மார்ச்ல அந்த இன்னொரு பிரதியைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்தேன். எல்லாரும் கை தட்டுறாங்க. என்னைப் பேசக் கூப்பிடறாங்க. நான் நட்சத்திரத்தையே பாத்துட்டு நிக்கறேன். வீட்டுக்கு வந்து என்னுடையதைத் திறந்தேன். கறுப்பு. இத்தனை வருஷம் ஒரு போலியைக் கட்டிக்கிட்டு, நாந்தான் நிபுணன்னு... டிசம்பர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும்னு கண்காட்சிக்காரங்க கேட்டாங்க. எப்படிக் கொடுப்பேன்?"

"அதனால?"

"திருடு போச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

"திருடு போகணும்னா திருடி ஒருத்தி வேணுமே," என்றான் யெரெப். குரலில் கிண்டல் சுத்தமாக இல்லை. "நேத்து அந்தம்மா பட்டறைக்குப் போனோம். நாலு அலமாரி. நாலும் காலி. நியூஸ் வந்த அன்னைக்கே நூலகங்கள்லாம் வந்து புத்தகங்களைத் திருப்பி அள்ளிட்டுப் போயிட்டாங்க. துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு டாக்டர்."

வாசல் மணி அடித்தது.

---

ததேயா உள்ளே வந்ததும் ஷூவைக் கழற்றவில்லை. டாக்டரும் செருப்பு எடுத்து வைக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். விரல்களில் பசை காய்ந்த வெள்ளைக் கோடுகள். மேசைமேல் புத்தகத்தையும் அதன்மேல் கிடந்த செய்தித்தாள் துண்டையும் ஒரு பார்வை பார்த்தாள். விளக்கம் கேட்கவில்லை. ஒரே ஒரு பெருமூச்சு மட்டும் விட்டாள்.

"என்கிட்ட மறைச்சதை இப்ப சொல்லுங்க," என்றாள் மிலேனா. "அந்தப் பள்ளிக்கூடப் பேப்பர் எதுக்கு?"

"ஒத்துப் பாக்க." ததேயா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாள். ஒரே நிறம், ஒரே சொரசொரப்பு. "தையல் பிரிச்சதுமே தெரிஞ்சுடுச்சு. இது போர்க்காலத்துப் பேப்பர் இல்ல. அறுபதுகள்ல வந்தது. அதை இவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு வாரம் வெச்சிருந்துட்டு, முதுகை முடிக்காமலே திருப்பிக் கொடுத்துட்டேன். இவர் பழி போட்ட பிறகு சொன்னா யார் நம்புவா? நானே பண்ணினேன்னு ஆகியிருக்கும்."

"அப்போ போலிதான்," என்றார் டாக்டர் தரையைப் பார்த்து. "என்னைத்தான் யாரோ ஏமாத்தியிருக்காங்க."

மிலேனா ஏழாவது படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குடிசை. கூரை. கறுப்பு வானம்.

"ததேயா, கண்காட்சியில இருக்கிற பிரதியை நீங்க கையில எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

"நான்தான் தூசி தட்டிக் கொடுத்தேன்."

"மத்தப் படங்கள்லயும் இந்த நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் புள்ளி எங்கேயாவது இருக்கா?"

ததேயா யோசித்தாள். "இருக்கு. ரெண்டாவதுல ஆந்தைக்குக் கண்ணு. அஞ்சாவதுல சட்டைப் பொத்தான். எல்லாம் ஒரே அளவு, சரியான வட்டம். அது ஆணி ஓட்டை, மை படாத இடம். பள்ளிக்கூடத் தரையில அடிச்சிருந்த ஆணி. லினோலியத்தைப் பெயர்த்தப்போ ஓட்டையோட வந்திருக்கு. விட்ரிஹ் அதை மறைக்காம ஒண்ணைக் கண்ணாக்கி, ஒண்ணைப் பொத்தானாக்கி..." பேச்சை நிறுத்தினாள். குனிந்து புத்தகத்தின் பக்கங்களை வேகமாகப் புரட்டினாள். "இதுல ஆந்தைக்குக் கண்ணு மூடியிருக்கு."

"சட்டையில?"

"பொத்தான் இல்ல."

"இப்ப சொல்லுங்க டாக்டர்," என்றாள் மிலேனா. "போலி பண்றவன் எப்படிப் பண்ணுவான்? மூலத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கோடு கோடாக் காப்பி அடிப்பான். ஒரு புள்ளி விடமாட்டான், தப்பு இருந்தாலும் தப்போட எடுப்பான். நட்சத்திரத்தை விடறதுக்கு அவனுக்குத் துணிச்சல் வராது. ஆந்தையோட கண்ணை மூடறதுக்கு நிச்சயமா வராது. அது நட்சத்திரமே இல்ல, வெறும் ஆணி ஓட்டைன்னு தெரிஞ்ச ஆள் இந்த உலகத்துல எத்தனை பேர் இருந்திருப்பாங்க?"

டாக்டர் மெல்ல நிமிர்ந்தார்.

"விட்ரிஹ்ஹே அப்புறம் புதுசா ஒரு லினோலியம் வாங்கியிருக்காரு. அதுல ஓட்டை இல்ல. அதனால நட்சத்திரமும் தேவைப்படலை. இந்தப் புத்தகத்தை யார் வித்தாங்க உங்களுக்கு?"

"விட்ரிஹ்ஹோட தங்கச்சி," என்றார் டாக்டர். "அண்ணன் செத்து ரொம்ப வருஷத்துக்கப்புறம். 'இது லெனார்ட் செஞ்சது, எனக்காக'ன்னு சொன்னா."

"போர்க்காலத்துலன்னு சொன்னாங்களா?"

"சொல்லலை." டாக்டர் புத்தகத்தைப் பார்த்தார். "நான் கேக்கலை. பாத்ததுமே எனக்கு... நானே முடிவு பண்ணிட்டேன். மறுநாளே பத்திரிகைக்குப் போன் பண்ணிட்டேன்."

ததேயா புத்தகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். மூடுபனியின் வெளிச்சத்தில் மையின் மேடு பள்ளம் தெரிந்தது. "விட்ரிஹ் இடது கைக்காரர். வலது கைக்காரன் செதுக்கினா கோடு ஒரு பக்கம் சாயும். விட்ரிஹ்ஹோடது எதிர்ப்பக்கம் சாயும். கண்காட்சிப் பிரதியிலயும் இதுலயும் அப்படித்தான். நான் பேப்பரை மட்டுமே பாத்துட்டுக் கையைப் பாக்காம விட்டுட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "தங்கச்சிக்காக, நினைவுல இருந்து, மறுபடி பன்னிரண்டையும் செதுக்கியிருக்கார். அந்த நாற்பதுல ஒண்ணு மார்ச்ல வந்துச்சு, நாளைக்கு இன்னொண்ணு வரலாம். இது ஒண்ணே ஒண்ணுதான்."

"ஐயோ!" என்றான் யெரெப். "ஊர் உலகத்துல ஒண்ணே ஒண்ணு. அதை வெச்சிருக்கறவர் அது தன்னுடையது இல்லன்னு பத்திரிகையில சொல்லியிருக்காரு."

டாக்டர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று மிலேனாவுக்குத் தெரியவில்லை. சந்தேகம் அவள் தொழில். இந்த ஒன்றைச் சந்தேகமாகவே விட்டுவிட்டாள்.

"புகார் கொடுக்கலை," என்றார் கடைசியில். "நாளைக்குப் போகலை. சத்தமில்லாம விட்டுடறேன்."

"சத்தமில்லாமயா?" மிலேனா தொலைபேசியை அவர் மடியில் வைத்தாள். "சத்தமாத்தானே ஆரம்பிச்சீங்க. அந்த நிருபர்கிட்டப் பேசுங்க. இப்பவே, நாங்க நிக்கும்போதே."

அவர் ததேயாவைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்களை அழுத்தினார். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறைதான் போனது. பேசும்போது அவர் சாக்குச் சொல்லவில்லை. மகளின் பெயரை இழுக்கவில்லை. "பொய் சொன்னேன்" என்ற வார்த்தையை அவர் வாயால் சொன்னதை மூன்று பேரும் கேட்டார்கள். மறுமுனையில் நிருபர் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அவர் அதை இன்னொரு முறை சொன்னார்.

போனை வைத்தபின் ததேயா பக்கம் திரும்பினார்.

"ததேயா," என்றார். முதல்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தார். "மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. ஆனா இதோட முதுகு இன்னும் சரியாகலை. வேற யார்கிட்டயும் கொடுக்க மனசு வரலை."

யெரெப் வாயைத் திறந்தான். மிலேனா அவன் காலை மிதித்தாள். கட்டைவிரல் இருந்த இடம் பார்த்துத்தான் மிதித்தாள்.

ததேயா புத்தகத்தை மூடி, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, தான் கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியில் சுற்றினாள்.

"செய்யறேன். உங்களுக்காக இல்ல. அந்தத் தங்கச்சிக்கு அவர் செஞ்சு கொடுத்தது, அதுக்காக. ஆனா போன தடவை மாதிரி வாய்ப்பேச்சுல எடுத்துட்டுப் போக மாட்டேன். சீட்டு எழுதிக் கொடுங்க. உங்க கையெழுத்துல."

டாக்டர் பேனாவைத் தேடினார். மேசையில் இல்லை, சட்டைப்பையில் இல்லை. யெரெப் தன் பேனாவை நீட்டினான். அவர் காகிதத்தை முழங்காலில் வைத்துக் குனிந்தார்.

"என்ன எழுதணும்?"

"முதல் வார்த்தை நான் சொல்றேன்," என்றாள் ததேயா. "மிச்சத்தை நீங்களே எழுதுங்க. 'என்னுடைய'."

பேனா காகிதத்தைத் தொட்ட இடத்தில் ஒரு மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு அவர் எழுதத் தொடங்கினார்.